அதே பொருள், வேறு கண்: சிறுகதையில் குழந்தைமை உடையும் இடத்தைப் படிமங்கள் வழியே கண்டறிய ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு குழந்தை மரணத்தையோ துரோகத்தையோ பெரியவர்களின் பொய்யையோ முதன்முறை எதிர்கொள்ளும் கதைகள் எல்லா மொழிகளிலும் உண்டு. கதை முடியும்போது அந்தக் குழந்தை பழைய குழந்தை இல்லை என்பது வாசிக்கிற எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் மட்டும் தடுமாறுகிறோம். "யாரோ இறந்துவிட்டார்கள், அதனால்" என்று நிகழ்ச்சியைக் காட்டுகிறோம். நிகழ்ச்சி காரணமாக இருக்கலாம். ஆனால் நமக்கு அதை உணர்த்தியது பெரும்பாலும் மிகச் சிறிய ஒன்று: குழந்தை கையில் இருந்த குச்சி, தலையில் இருந்த தொப்பி, கதவிடுக்கில் விழுந்த வெளிச்சம். அந்தச் சிறிய ஒன்றைக் கண்டுபிடிக்கும் முறைதான் இந்த வழிகாட்டி. கதையைப் பற்றிக் கட்டுரை எழுதும் மாணவர்களையும், இப்படி ஒரு கதையைத் தாங்களே எழுத முயல்கிறவர்களையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன். எடுத்துக்காட்டாகச் சொல்லும் கதைகளின் முடிவுகளையும் சொல்லிவிடுவேன். அது இல்லாமல் இதைப் பேச வழியில்லை.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம்

குழந்தையிடம் இருப்பதைத் தமிழில் அறியாமை என்கிறோம், கள்ளமின்மை என்கிறோம், வெகுளித்தனம் என்கிறோம். இவை ஒன்றல்ல. அறியாமை என்பது உலகைப் பற்றி ஒன்று தெரியாமல் இருப்பது. கள்ளமின்மை என்பது மனத்தில் வஞ்சம் இல்லாமல் இருப்பது. அறியாமை ஒரு நொடியில் போய்விடும். கள்ளமின்மை அப்படிப் போக வேண்டிய கட்டாயமில்லை. ஒரு கதையில் குழந்தை எதை இழக்கிறது, எதை இழக்காமல் காப்பாற்றிக்கொள்கிறது என்று கேட்கப் பழகினாலே பாதி வேலை முடிந்துவிடும். இரண்டையும் சேர்த்துச் சொல்ல இந்தக் கட்டுரையில் குழந்தைமை என்ற சொல்லை எடுத்துக்கொள்கிறேன்.

படிமம் என்பதை இங்கே எளிமையாகவே வைத்துக்கொள்கிறேன்: ஐம்புலன்களில் ஏதோ ஒன்றால் நாம் உணரும்படி எழுதப்பட்ட எதுவும் படிமம். அதனுள் உவமை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். குறியீடு என்ற சொல்லை மட்டும் அவசரப்பட்டுப் பயன்படுத்த வேண்டாம். "ரோஜா அன்பின் குறியீடு" என்று எழுதிய நொடியில் கதையில் இருக்கும் ரோஜாவைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம்.

படி 1: நிகழ்ச்சிகளை ஒதுக்கிவிட்டுப் பொருள்களைக் குறியுங்கள்

கதையை ஒருமுறை முழுதாக வாசித்து முடியுங்கள். இரண்டாம் முறை பென்சிலோடு உட்காருங்கள். இப்போது என்ன நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் அதைக் கவனிக்க வேண்டாம். குழந்தை தொடும் பொருள்கள், முகரும் வாசனைகள், கேட்கும் ஓசைகள், பார்க்கும் நிறங்கள் இவற்றை மட்டும் அடிக்கோடிடுங்கள். பக்கத்துக்குப் பத்து கோடுகள் விழுந்தாலும் பரவாயில்லை. தேர்ந்தெடுப்பது பிறகு.

படி 2: அது யாருடைய கண் என்று கேளுங்கள்

குழந்தை தனக்குத் தெரிந்த உலகைக் கொண்டுதான் தெரியாத உலகை அளக்கிறது. எனவே ஒரு கதையில் உள்ள உவமைகள் குழந்தையின் அறிவின் எல்லையைக் காட்டும் வேலி மாதிரி. வேலி எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் அது எங்கே உடைகிறது என்று காட்ட முடியும்.

இதை மிகக் கொடூரமான துல்லியத்தோடு செய்த கதை ஆம்புரோஸ் பியர்ஸ் 1889இல் எழுதிய 'சிக்கமாகா'. அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1863 செப்டம்பரில் நடந்த ஒரு பெரும் சண்டையின் பெயர் அது. பியர்ஸ் அந்தச் சண்டையில் இருந்தவர். கதையில் ஏறத்தாழ ஆறு வயதுச் சிறுவன் மரவாளோடு போர் விளையாடிக்கொண்டே காட்டுக்குள் போகிறான். ஒரு முயலைக் கண்டு பயந்து ஓடுகிறான், அழுது களைத்துத் தூங்கிப்போகிறான். எழுந்து பார்க்கும்போது அந்திப் பொழுது. எதுவோ தவழ்ந்து வருகிறது. நாயா, பன்றியா, கரடியா என்று யோசிக்கிறான். பிறகுதான் அவை மனிதர்கள் என்று தெரிகிறது: காயம்பட்ட படைவீரர்கள், நூற்றுக்கணக்கில், கையும் காலும் ஊன்றித் தவழ்ந்து நீரோடையை நோக்கிப் போகிறார்கள்.

நாம் நடுங்குகிறோம். சிறுவன் நடுங்கவில்லை. அவன் வீட்டில் அடிமைகள் அவனுக்கு வேடிக்கை காட்டத் தவழ்ந்து குதிரையாக நின்றிருக்கிறார்கள். அந்த நினைவில் ஒரு வீரனின் முதுகில் ஏறி உட்கார்ந்துவிடுகிறான். அந்த வீரனுக்குக் கீழ்த்தாடையே இல்லை. பிறகு சிறுவன் மரவாளை உயர்த்தி அந்தத் தவழும் படைக்குத் தலைமை தாங்கி நடக்கிறான்.

இங்கே படிமம் இரண்டு கண்களால் ஒரே நேரத்தில் பார்க்கப்படுகிறது. சிறுவனின் கண் விளையாட்டைப் பார்க்கிறது, நம் கண் படுகொலையைப் பார்க்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை ஆசிரியர் பக்கம் பக்கமாக நீட்டிக்கொண்டே போகிறார். அந்தத் தூரம் எந்தப் பொருளில் ஒன்றுமில்லாமல் போகிறது என்று தேடுங்கள். எரியும் கட்டடம் ஒன்றைக் கண்டு சிறுவன் மகிழ்ந்து ஆடுகிறான். தீயில் போட விறகு தேடுகிறான். எதையும் தூக்க முடியாமல் கடைசியில் தன் மரவாளையே தீயில் எறிகிறான். அதன்பின்தான் அந்தக் கட்டடம் தன் வீடு என்று அடையாளம் காண்கிறான். தாய் வெளியே இறந்து கிடக்கிறாள்.

மரவாளைக் கவனியுங்கள். வீடு என்று தெரிவதற்கு முன்பே அது தீக்குப் போய்விடுகிறது. விளையாட்டைத் தன் கையாலேயே எரித்துவிட்டு வெறுங்கையோடு அவன் உண்மையின் முன் வந்து நிற்கிறான். கட்டுரை எழுதுகிறவர் இந்த வரிசையைச் சுட்டிக் காட்டினால் போதும், "போரின் கொடுமை" என்று ஒரு பத்தி எழுத வேண்டியதே இல்லை.

படி 3: திரும்பி வரும் பொருளைத் தேடுங்கள்

முதல் படியில் போட்ட கோடுகளுக்குத் திரும்புங்கள். எந்தப் பொருள் இரண்டு முறை வருகிறது? அல்லது ஒரே உருவம், ஒரே ஓசை, ஒரே அசைவு வேறு உடையில் மறுபடி வருகிறதா?

இந்த உத்தியின் வேரைத் தமிழ் வாசகர் வேறெங்கும் தேட வேண்டாம். புறநானூற்றின் 112ஆம் பாட்டு, பாரி மகளிர் பாடியது, ஐந்தே அடி. "அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவில்" தந்தையும் இருந்தார், குன்றும் எங்களுடையதாக இருந்தது. "இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவில்" குன்றும் போனது, தந்தையும் இல்லை. துயரம், கண்ணீர், அனாதை என்று ஒரு சொல்கூடப் பாட்டில் இல்லை. நிலவு இரண்டு முறை வருகிறது, அவ்வளவுதான். இரண்டு முறையும் அதே வெண்மை. நிலவு மாறியிருந்தால், மேகம் மூடியிருந்தால், பாட்டு செத்திருக்கும். மாறாத பொருளின் முன்னால்தான் பார்க்கிறவரின் மாற்றம் தெரியும். சிறுகதைக்கும் இதே விதிதான்.

திரும்பி வரும் பொருள் எப்போதும் இவ்வளவு வெளிப்படையாக இருக்காது. ஜேம்ஸ் ஜாய்ஸின் 'அராபி', 1914இல் வந்த 'டப்ளினர்ஸ்' தொகுப்பில் உள்ள கதை. நண்பனின் அக்கா மேல் ஒரு சிறுவனுக்கு ஏற்படும் முதல் காதல். சந்தைக் கூச்சலுக்கு நடுவே நடந்து போகும்போது, பகைவர் கூட்டத்தின் ஊடே புனிதக் கிண்ணம் ஒன்றைப் பத்திரமாக ஏந்திச் செல்வதாக அவன் தன்னைக் கற்பனை செய்துகொள்கிறான். அவளுக்குப் பரிசு வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு 'அராபி' என்ற கண்காட்சிக்குப் போகிறான். மாமா தாமதமாக வந்ததால் போய்ச் சேரும்போது கடைகள் மூடிக்கொண்டிருக்கின்றன. அரங்கின் பெரும்பகுதி இருட்டு. அங்கே இரண்டு பேர் ஒரு தட்டில் காசு எண்ணுகிறார்கள். காசு விழும் ஓசை அவனுக்குக் கேட்கிறது.

தேவாலயத்துக் கிண்ணம், காசுத் தட்டு. இரண்டும் கலங்கள்தான். ஒன்றில் இருந்தது புனிதம், மற்றதில் விழுவது காசு. ஜாய்ஸ் இதை எங்கும் விளக்கவில்லை. பிறகு சிறுவன் தன் பையிலிருக்கும் சில்லறைகளை ஒன்றோடொன்று மோதவிடுகிறான். அதே ஓசை இப்போது அவனிடமிருந்தே வருகிறது. அந்தக் கண்காட்சியும் அவனும் வேறல்ல என்பது காதால் தெரிகிறது. நான் இந்தக் கதையைப் பலமுறை வாசித்தபின்தான் இந்த ஓசை எனக்குக் கேட்டது. அதனால்தான் முதல் படியில் ஓசைகளுக்கும் கோடு போடச் சொன்னேன். கண்ணுக்குத் தெரியும் பொருள்களையே தேடிப் பழகியவர்கள் இதைத் தவறவிடுவார்கள்.

படி 4: உடையும் வாக்கியத்தைக் கண்டுபிடியுங்கள்

இதுதான் கடினமான படி. பெரும்பாலான வாசிப்புகள் தவறுவதும் இங்கேதான். குழந்தைமை உடையும் இடம் கதையின் மிகப் பயங்கரமான இடமாக இருக்கும் என்று நினைக்கிறோம். அப்படி இருக்க வேண்டியதில்லை.

ஆலிஸ் வாக்கரின் 'தி ஃப்ளவர்ஸ்' இரண்டு பக்கம்கூட வராத கதை. 1973இல் வந்த தொகுப்பில் உள்ளது. மயோப் என்ற பத்து வயதுக் கறுப்பினச் சிறுமி, குத்தகை விவசாயிகளின் மகள். பெயரிலேயே கிட்டப்பார்வை (ஆங்கிலத்தில் 'மயோபியா') ஒளிந்திருக்கிறது. அறுவடைக் காலம். கையில் ஒரு முண்டுமுடிச்சுக் குச்சி. அதனால் தாளம் தட்டிக்கொண்டே துள்ளிப் போகிறாள். வீட்டுக்குப் பின்னாலுள்ள காட்டில் பூப்பறித்துக்கொண்டே ஒரு மைலுக்கு மேல் போய்விடுகிறாள். அங்கே ஈரக்காற்று, நெருங்கிய மௌனம். திரும்பும் வழியில் கால் ஏதோ ஒன்றில் மாட்டிக்கொள்கிறது: இறந்து கிடக்கும் ஒரு மனிதனின் மண்டையோடு.

இங்கே பென்சிலைக் கீழே வைத்துவிடுவோம், கதையின் உச்சம் வந்துவிட்டது என்று. நானும் முதல் வாசிப்பில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் வாக்கர் எழுதியிருப்பதைப் பாருங்கள். மயோப் பயப்படாமல் குனிந்து காலை விடுவித்துக்கொள்கிறாள். பல்லிளிப்பைக் கண்டபோது வியப்பில் ஒரு சிறு கீச்சல், அவ்வளவே. பிறகு ஆர்வத்தோடு சுற்றும்முற்றும் பார்க்கிறாள். பற்கள், நீண்ட விரல்கள், பெரிய எலும்புகள், நீலத் துணியின் நூலிழைகள், பச்சையேறிய கொக்கிகள். சிறுமியின் கண் இவற்றைப் பூக்களைப் பார்த்த அதே கண்ணால்தான் பார்க்கிறது. பக்கத்தில் ஒரு காட்டு ரோஜா, இளஞ்சிவப்பு. அதையும் பறிக்கக் கை நீட்டுகிறாள்! பிணத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பூப்பறிக்கிறாள். மரணம் அவளை ஒன்றும் செய்யவில்லை. கிராமத்துக் குழந்தைக்கு மரணம் இயற்கையின் ஒரு பகுதி.

ரோஜாவின் வேரைச் சுற்றி மண் ஒரு வளையமாக மேடிட்டிருக்கிறது. அது மக்கிப்போன தூக்குக்கயிற்றின் சுருக்கு. அண்ணாந்து பார்த்தால் மரக்கிளையில் அதே கயிற்றின் மிச்சம், வெளிறி, நைந்து, காற்றில் ஓயாமல் சுழல்கிறது. மயோப் பூக்களைக் கீழே வைக்கிறாள். கோடை முடிந்துவிட்டது என்று ஒரு வாக்கியம். கதை முடிந்தது.

ஆக, உடையும் வாக்கியம் பிணத்தில் இல்லை, வளையத்தில் இருக்கிறது. அந்த மனிதன் இறந்துபோனவன் அல்ல, கொல்லப்பட்டவன் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிகிறது. அமெரிக்கத் தென்பகுதியில் கறுப்பின மக்களைக் கும்பல்கள் கூடித் தூக்கிலிட்ட வரலாறு முழுவதும் அந்த ஒரு சுருக்கில் இருக்கிறது. எலும்பு இயற்கை, கயிறு மனிதர் செய்தது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளும் நொடிதான் இழப்பின் நொடி.

வடிவங்களையும் கவனியுங்கள். வளையம் அவள் கையிலிருந்த பூங்கொத்தோடு சேர வேண்டிய ஒரு ரோஜாவைத் தழுவியிருக்கிறது. அழகும் கொலையும் ஒரே வேரில். காலையில் அவள் குச்சியால் தட்டிய துள்ளல் தாளம், முடிவில் காற்றில் சுழலும் கயிறாக ஆகிவிட்டது. இரண்டும் அசைவுகள், ஒன்று அவள் விருப்பப்படி, மற்றது யார் விருப்பமும் இல்லாமல். தமிழ் இலக்கணம் உள்ளுறை என்று சொல்வதற்கு இது மிக நெருக்கம்: நிலத்தையும் செடியையும் பேசுவதுபோல் பேசி, சொல்லாத ஒன்றை உள்ளே வைத்திருப்பது.

உங்கள் கதையில் இந்த வாக்கியத்தைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. ஒவ்வொரு படிமமாக விரலால் மறைத்துப் பாருங்கள். எதை மறைத்தால் குழந்தையின் மாற்றம் காரணமில்லாமல் நிற்கிறதோ, அதுதான். 'தி ஃப்ளவர்ஸ்' கதையில் மண்டையோட்டை மறைத்தாலும் கயிறு பேசும். கயிற்றை மறைத்தால் மீதி இருப்பது காட்டில் எலும்பு கண்ட ஒரு சிறுமியின் கதை மட்டும்.

படி 5: ஒளி, வாசனை, உயரம்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இவற்றை மிகைப்படுத்தி எழுதுவது எளிது. காலை வெளிச்சத்தில் தொடங்கி இருட்டில் முடியும் கதைகள் ஏராளம். "ஒளியிலிருந்து இருள்" என்று மட்டும் எழுதினால் எதையும் சொன்னதாகாது. அந்த வெளிச்சம் எதன் மேல் விழுந்தது, இருட்டு எதை மறைத்தது என்று எழுதுங்கள். குழந்தை எந்த உயரத்திலிருந்து பார்க்கிறது என்பதும் முக்கியம்: மேசைக்கு அடியிலிருந்தா, பெரியவர்களின் முழங்கால் உயரத்திலிருந்தா? கதையின் முடிவில் அந்த உயரம் மாறுகிறதா? மயோப் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தவள். கிளையைக் காண அண்ணாந்துதான் ஆக வேண்டும்.

படி 6: முடிவில் கை என்ன செய்கிறது?

குழந்தைக்குத் தன் மாற்றத்தைச் சொல்லச் சொற்கள் கிடையாது. உடல் சொல்லும். மயோப் பூக்களைக் கீழே வைக்கிறாள். எறியவில்லை, நழுவவிடவில்லை. அந்த ஒரு வினையில் இறந்தவருக்குப் பூ வைப்பதும் இருக்கிறது, இனிப் பூப்பறிக்க முடியாது என்பதும் இருக்கிறது. முதலில் பிரித்துவைத்த சொற்களை இங்கே எடுத்துக்கொள்ளுங்கள்: அவள் அறியாமையை இழந்தாள், கள்ளமின்மையை இழக்கவில்லை. 'சிக்கமாகா' சிறுவனுக்கு அதுவும் வாய்க்கவில்லை. அவன் பேச்சும் செவியும் இல்லாதவன் என்பதைக் கதை கடைசியில்தான் சொல்கிறது. அவனிடமிருந்து வருவது மனிதக் குரல்போல் இல்லாத ஓர் ஒலி.

கேத்தரின் மான்ஸ்ஃபீல்ட் 1922இல் வெளியிட்ட 'தி கார்டன் பார்ட்டி' கதையில் லாரா கொஞ்சம் பெரிய பெண். விருந்து நாளில் அக்கம்பக்கத்து ஏழைத் தொழிலாளி ஒருவர் விபத்தில் இறந்துபோகிறார். விருந்தை நிறுத்தச் சொல்லும் லாராவின் தலையில் அம்மா ஓர் அழகான தொப்பியை வைத்துவிடுகிறாள். கண்ணாடியில் தன்னைப் பார்த்ததும் லாராவுக்கு அந்தச் சாவு மங்கிப்போகிறது. மாலையில் அதே தொப்பியோடு இறந்தவரின் உடல் முன் நிற்க நேரும்போது, அவள் வாயில் வருவது தொப்பிக்காக ஒரு மன்னிப்பு. சிறுபிள்ளைத்தனமான பேச்சுதான். ஆனால் தன் வாழ்க்கை முழுவதற்குமான மன்னிப்பு அதில் இருக்கிறது.

படி 7: இதைக் கட்டுரையாக்குவது

மேற்கோள்களைக் குவிக்காதீர்கள். ஒரே ஒரு படிமத்தை எடுத்து, அது முதலில் குழந்தைக்கு என்னவாக இருந்தது, எந்த வாக்கியத்தில் திரிந்தது, திரிந்தபின் குழந்தை எதை அறிந்துகொண்டது என்று மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். மூன்றாவது பதில் "உலகம் கொடியது" என்பது போலப் பொதுவாக வந்தால் மறுபடி கதைக்குப் போங்கள். நல்ல கதை அவ்வளவு பொதுவாக எதையும் கற்றுத்தருவதில்லை. 'அராபி' சிறுவன் அறிந்தது உலகைப் பற்றியே அல்ல, தன் அகந்தையைப் பற்றி.

எழுதுகிறவர்களுக்கு

உடையும் பொம்மை, வாடும் பூ, அந்த நேரம் பார்த்துக் கொட்டும் மழை. இவை கதைக்கு வெளியிலிருந்தே பொருளைக் கொண்டுவருபவை. வாசகர் உங்கள் கதையைப் பார்க்காமல் தாம் ஏற்கெனவே வாசித்த கதைகளைப் பார்ப்பார். "அன்றுதான் எனக்கு எல்லாம் புரிந்தது" என்ற வாக்கியமும் அப்படித்தான். ஜாய்ஸ் 'அராபி'யை, சிறுவன் தன் அகந்தையைத் தானே கண்டுகொள்ளும் ஒரு வெளிப்படையான வாக்கியத்தோடு முடிக்கிறாரே என்று கேட்கலாம். அவர் கதையில் முதல் வரியிலிருந்தே பேசுவது வளர்ந்துவிட்ட ஒருவரின் குரல். அந்தக் குரலுக்கு அந்த உரிமை உண்டு. குழந்தையின் கண்ணுக்குள்ளேயே நிற்கும் கதைக்கு இல்லை.

ஒரு சிறு முயற்சி. மீனா தம்பியோடு கண்ணாமூச்சி ஆடுகிறாள், அலமாரிக்குள் ஒளிந்திருக்கிறாள்.

"கதவிடுக்கு வழியே வெளிச்சம் ஒரு கோடாக உள்ளே விழுந்தது. மீனா உள்ளங்கையை நீட்டி அதைப் பிடித்தாள். கையை மூடினாள். கோடு விரல்களின் மேல் ஏறிக்கொண்டது. 'அகப்பட மாட்டியா நீ?' என்று அதனிடம் ரகசியமாகக் கேட்டாள்."

அறையில் யாருமில்லை என்று நினைத்து அம்மாவும் அப்பாவும் உள்ளே வந்து பேசுகிறார்கள். பேச்சு பாதிதான் கேட்கிறது. "பிள்ளைங்ககிட்ட இப்பச் சொல்ல வேணாம்" என்பது மட்டும் தெளிவாக. முதல் வரைவில் இதற்குப் பிறகு "மீனாவின் நெஞ்சு உடைந்தது, அவளுடைய உலகமே இருண்டது" என்று வைத்திருந்தேன். அடித்துவிட்டு வெளிச்சக்கோட்டுக்குத் திரும்பினேன்.

"பேச்சு நின்றது. யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். வெளிச்சம் மீனாவின் முழங்கால் மேல் கிடந்தது. அவள் காலை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டாள்."

தம்பி வந்து கதவைத் திறந்து "கண்டுபிடிச்சிட்டேன்" என்று கத்துவதாக இன்னும் இரண்டு வரி எழுதிப் பார்த்தேன். வெளிச்சம் முழுவதும் உள்ளே கொட்டுகிறது, அவன் சிரிக்கிறான், அவள் சிரிக்கவில்லை. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வரிகளில் கதை தம்பியின் கண்ணுக்குப் போய்விட்டது. எடுத்துவிட்டேன். அவள் இன்னும் அலமாரிக்குள்தான் இருக்கிறாள், கதவு மூடியே இருக்கிறது, தம்பி எங்கோ அவள் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டு தேடிக்கொண்டிருக்கிறான்.